மறுப்புக் குறிப்பின் வாரிசுகள்

இரண்டு பக்கம் போதும் என்று மலர்க்குழுவினர் சொல்லிவிட்டார்கள். சுதந்திராக் கட்சியின் மரபை இரண்டு பக்கத்தில் மடித்துத் தருகிறேன்; பெரியவர்கள் பொறுத்தருள வேண்டும்.

கூட்டுப் பண்ணை வேண்டும் என்ற காங்கிரசின் நாகபுரித் தீர்மானமும், அதை எதிர்த்து 1959 ஜூனில் சென்னையில் கட்சி பிறந்ததும் நம் அன்பர்களுக்கு மனப்பாடம். கட்சியின் சிந்தனைக்கு வழிகள் மூன்று என்பதும் தெரிந்ததே. ஏ.டி. ஷிராஃப், மினு மசானி ஆகியோரின் பம்பாய் வழி கணக்கேட்டில் தொடங்கும். உழவர் தலைவர் ரங்காவின் வழி வரப்பில். ராஜாஜியின் சென்னை வழியோ தர்மத்தில் தொடங்கி, எதற்கும் அரசின் அனுமதி கேட்கவைக்கும் பெர்மிட்–லைசென்ஸ் ராஜ்யத்தின் வாசலில் போய் நிற்கும்.

நான் பயின்றது சென்னை வழி, எங்கள் வக்கீல் ஐயாவின் திண்ணையில். கூட்டுப் பண்ணையில் சேர்வது அவரவர் விருப்பம் என்றுதான் நேரு சொன்னார். ஐயா விடமாட்டார். “சேராதவனுக்கு விதையும் கடனும் யார் கொடுப்பார்? ‘மாட்டேன்’ என்றவன் மறுநாளும் ஏர் பூட்ட முடிந்தால்தானே அடுத்தவன் சொன்ன ‘சரி’க்கு மதிப்பு?” அரசு வேலியைக் காக்கட்டும், உள்ளே என்ன விதைப்பது என்று சொல்ல வேண்டாம் என்பார். அப்படியானால் 1937-ல் ராஜாஜி சேலத்தில் கொண்டுவந்த மதுவிலக்கு எந்தக் கணக்கு என்று ஒருமுறை கேட்டுவிட்டேன். ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதற்குள் காபி வந்துவிட்டது. மலரில் அதைக் கிளறுவது முறையல்ல.

ஐயாவுக்கு உரைகல், 1955-ல் இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்துக்கான பொருளாதார நிபுணர் குழுவில் பி.ஆர். ஷெனாய் தனி ஒருவராக எழுதிய மறுப்புக் குறிப்பு. கட்சியும் அடிப்படைக் கொள்கைகளுக்கு அப்பால் உறுப்பினரை அவரவர் மனச்சாட்சிப்படி விட்டது. அப்படியும் 1967-ல் மக்களவையில் 44 இடம் வந்தது. 1974-ல் கட்சி கரைந்த பிறகும் ஐயாவின் கூட்டக் குறிப்பேட்டில் எதிர்த்தவர் பெயரும் காரணமும் ஏறாமல் எந்தத் தீர்மானமும் முடிந்ததில்லை.

நம் கூட்டங்களின் இன்றைய நிலை? யாரையும் மனத்தில் வைத்துச் சொல்லவில்லை. எல்லோரும் நல்லவர்கள், உழைப்பாளிகள். ஆனால் சில இடங்களில் தீர்மானத்தைப் படித்து முடிக்குமுன் கைதட்டுகிறார்கள். ‘ஏகமனதாக’ என்று எழுதியாகிவிடுகிறது. மௌனம் சம்மதம் என்பது கல்யாணப் பேச்சுக்கே பொருந்தாத காலத்தில் நமக்குப் பொருந்துமா? ஆண்டுச் சந்தாவை வங்கிக் கணக்கிலிருந்து தானாகவே எடுத்துக்கொள்கிறார்கள். விண்ணப்பத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒப்புதல் இருக்கிறதாம். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன், இருக்கிறது. காபிக்குப் பதில் டீ என்பதும் ஏகமனதான முடிவுதான். என் கை பாதி உயரத்தில் இருந்தது. அதைத் தலை சொறிவதாக எடுத்துக்கொண்டார்கள். திட்டக் குழுவே ஷெனாயின் மறுப்பை ஏட்டில் வைத்துக்கொண்டது! நாகபுரியில்கூட இப்படி நடந்திராது என்பேன்.

என் மறுப்பைக் குறிப்பேட்டில் ஏற்றும்படி கேட்டிருக்கிறேன். அந்தப் பக்கத்தில் இடமில்லையாம்.