எதிர்ப்புச் சக்திக்கு விலை உண்டா? மொகாலி ஈக்களை முன்வைத்து

சங்கரன்கோவில் பழக்கடையில், கனிந்த வாழைத்தாரைச் சுத்தி மொய்க்கிற சின்ன ஈக்கள் இருக்கே, அந்த டிரோசோஃபிலா குடும்பத்து ஈயை வைத்துத்தான் உயிரியலின் பழைய கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். நோயை எதிர்க்கச் சக்தியைச் செலவழித்தால், முட்டையிலோ ஆயுளிலோ குறைய வேண்டும் என்பது அந்தக் கணக்கு.

மொகாலி ஐசரில் என்.ஜி. பிரசாத் குழு (முதல் ஆசிரியர் வனிகா குப்தா) 2016-ல் 'எவல்யூஷன்' இதழில் வெளியிட்ட கட்டுரை, அப்படி ஒரு குறைவும் தென்படவில்லை என்கிறது. சூடோமோனாஸ் என்டமோஃபிலா என்ற பாக்டீரியாவைத் தலைமுறைதோறும் ஈக்களுக்குத் தொற்ற வைத்தார்கள். 30 தலைமுறையில் பிழைப்பவை கூடின. ஆனால் ஆயுள், முட்டை எண்ணிக்கை, முட்டை பொரிதல், வளர்ச்சிக் காலம் எதுவும் குறையவில்லை. 45 தலைமுறைக்குப் பின் தொற்றை நிறுத்தி 15 தலைமுறை விட்டுப் பார்த்தார்கள். அப்போதும் எதிர்ப்பு இறங்கவில்லை.

நல்ல சோதனைதான். தொற்றே இல்லாமல் வெறும் குத்து மட்டும் வாங்கிய ஈக்களையும், தொடாமல் விட்ட ஈக்களையும் பக்கத்திலேயே வைத்து ஒப்பிட்டது இதன் பலம். ஆனா 15 தலைமுறை எனக்குப் போதவில்லை. விலை சின்னதாக இருந்தால் அதற்குள் தெரியாது. எதிர்ப்பு குறைந்த மரபணு வகை கூட்டத்திலிருந்தே போய்விட்டிருந்தால், திரும்பி வர எதுவும் மிச்சமிருக்காது.

பெரிய கேள்வி இடம் சார்ந்தது. 1997-ல் கிரைவெல்ட், காட்ஃப்ரே இருவரும் அசோபாரா டாபிடா என்ற ஒட்டுண்ணிக் குளவியை வைத்து இதே மாதிரி செய்தார்கள். இந்தக் குளவி ஈயின் புழுவுக்குள் முட்டையிடும். புழுவின் ரத்த அணுக்கள் அதைச் சூழ்ந்து மூடினால்தான் புழு தப்பும். ஐந்தே தலைமுறையில், தப்பும் புழுக்கள் சுமார் 5 சதவீதத்திலிருந்து 50-ஐத் தாண்டின. விலை தெரிந்தது, தீனி பற்றாக்குறையில்தான்: நெருக்கடியில் இந்தப் புழுக்கள் மற்றவற்றிடம் தோற்றன. இவை மெதுவாகத் தின்கின்றன என்பது பிறகு தெரிந்தது. வயிறு நிறைய தீனி இருந்தால் அந்த விலை கண்ணில் படாது.

மொகாலிக் கட்டுரை சுருக்கத்தில் அடுக்கும் பண்புகளில் இந்தத் தீனிப்போட்டி இல்லை. பாக்டீரியா வேறு, குளவி வேறு என்பதும் உண்மை. தாங்கள் அளக்காத பண்புகளில் விலை ஒளிந்திருக்கலாம் என்று ஆசிரியர்களே சொல்லியும் இருக்கிறார்கள். தலைப்பிலேயே, 'தெரிகிற' விலை இல்லை என்றுதான் போட்டிருக்கிறார்கள். அந்த ஒரு சொல்லை விட்டுட்டு, 'எதிர்ப்புக்கு விலையே கிடையாது'ன்னு எடுத்துச் சொன்னா, தப்பு அவர்களுடையது இல்லை, நம்முடையது. நோய் தாங்கும் ஆடு, கோழி இனங்களைத் தேர்ந்தெடுக்கும்போதும் இதே கேள்வி வரும்: பண்ணையில் நிறைய தீனி போட்டு அளந்தோமா, கோடையில் காய்ந்த மேய்ச்சலில் அளந்தோமா?