கோலமாவு கோகிலா: வறுமையும் போதைக் கடத்தலும்

கோலமாவு கோகிலா, நெல்சன் திலீப்குமார் இயக்கத்தில் 2018 ஆகஸ்ட் 17 அன்று வெளியான தமிழ்த் திரைப்படம் ஆகும். லைக்கா நிறுவனம் தயாரித்த இப்படத்தில் நயன்தாரா, சரண்யா பொன்வண்ணன், யோகி பாபு முதலியோர் நடித்துள்ளனர். இசை அனிருத். 2022இல் இந்தியில் ‘குட் லக் ஜெர்ரி’ என்ற பெயரில் மறுஆக்கம் செய்யப்பட்டது. வறிய குடும்பத்துப் பெண் போதைப்பொருள் கடத்துவதே இப்படத்தின் கரு. இதே கருவை எடுத்துக்கொண்ட எசுப்பானிய மொழிப் படமான ‘மரியா ஃபுல் ஆஃப் கிரேஸ்’ (2004) உடன் ஒப்பிடும்போது இதன் பலமும் பலவீனமும் தெளிவாகின்றன.

கதை

குறைந்த சம்பளத்தில் வேலை பார்க்கும் கோகிலாவின் தாய்க்கு நுரையீரல் புற்றுநோய் என்று தெரியவருகிறது. சிகிச்சைக்குப் பல இலட்சம் தேவை. தற்செயலாகப் போதைக் கும்பலிடம் சிக்கும் கோகிலா, அவர்களுக்காகக் கொக்கைன் கடத்தத் தொடங்குகிறாள். கோலமாவு என்ற பெயரில் சரக்கு பயணிக்கிறது. முடிவில் கும்பலையே தந்திரத்தால் வென்று, குடும்பத்தோடு தப்பிக்கிறாள்.

ஒப்பீடு

யோசுவா மார்ஸ்டன் இயக்கிய மரியா படத்தின் நாயகி, கொலம்பியாவில் உரோசாப் பூக்களின் முள்ளைக் களையும் 17 வயதுத் தொழிலாளி. கருவுற்றிருக்கும் அவள் 62 எரோயின் உருண்டைகளை விழுங்கி நியூயார்க்குக்குப் பறக்கிறாள். பெரிய திராட்சைகளை விழுங்கிப் பழகும் காட்சியும், உடன் வந்த பெண் உருண்டை உடைந்து இறப்பதும் கடத்தலின் விலையை உடலில் காட்டுகின்றன. இவ்வேடத்துக்காகக் கத்தலினா சந்தினோ மொரேனோ சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் பரிந்துரை பெற்றார்.

கோகிலாவில் அந்த விலை பெரும்பாலும் மற்றவர்கள் தலையில் விழுகிறது. ஆபத்து நகைச்சுவையாகிறது. இந்தியாவின் 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டப்படி 100 கிராமுக்கு மேற்பட்ட கொக்கைன் வணிக அளவு. தண்டனை குறைந்தது 10 ஆண்டு சிறை. கிலோக்கணக்கில் சுமக்கும் குடும்பத்தின் மீது இந்த அச்சத்தின் நிழல் அழுத்தமாக விழவில்லை. அந்தச் சரக்கு யாருடைய உடலுக்குள் போகிறது என்ற கேள்வியிலும் படம் நிற்பதில்லை.

சிகிச்சைச் செலவு

கோகிலாவுக்கு வேறு வழியே இல்லை என்று பார்வையாளர் நம்பினால்தான் கதை நிற்கும். சென்னை பார்வையாளருக்கு இங்கே ஐயம் எழுவது இயல்பு. முத்துலட்சுமி ரெட்டி 1954இல் அடையாற்றில் நிறுவிய புற்றுநோய் மருத்துவமனை, ஏழைகளுக்கு இலவசமாகவும் சலுகைக் கட்டணத்திலும் சிகிச்சை அளித்து வருவது. இராயப்பேட்டை அரசு மருத்துவமனையிலும் புற்றுநோய்ப் பிரிவு உண்டு. 2012 முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் நடப்பில் இருக்கிறது.

இவை இருந்தும் ஏழைக் குடும்பங்கள் நோயால் கடனாளியாகின்றன என்பதும் உண்மையே. இழந்த கூலி, போக்குவரத்து, மாதக்கணக்கில் காத்திருப்பு, துணைக்கு இருப்பவரின் வேலையிழப்பு என்று செலவு பல வழிகளில் வருகிறது. படம் இந்த நுணுக்கங்களுக்குள் போயிருந்தால் கோகிலாவின் முடிவு இன்னும் வலுப்பெற்றிருக்கும். ஒரு தொகையை மட்டும் சொல்லிக் கடந்துவிடுவதால், வறுமை கதையைத் தொடங்கிவைக்கும் சாக்காக மட்டுமே எஞ்சுகிறது.

மதிப்பீடு

படத்தின் சிறந்த கண்டுபிடிப்பு கோலமாவுதான். மயிலாப்பூர் மாட வீதிகளில் கோலமாவுப் பையோடு போகும் பெண்ணை யாரும் நிறுத்திச் சோதிப்பதில்லை. பெண்ணைப் பயந்தவளாக, வெகுளியாக மட்டுமே பார்க்கும் ஆண்களின் கண்ணே கோகிலாவுக்கு மறைப்பாகிறது. தாழ்ந்த குரலில், அசையாத முகத்தோடு நயன்தாரா இதைச் சாதிக்கிறார். ஒருதலைக் காதலராக வரும் யோகி பாபுவின் பகுதிகளும் இரசிக்கத்தக்கவை.

நாயகர் இல்லாமல், ஒரு பெண்ணின் அறிவை நம்பி நகரும் வணிகப் படம் என்ற வகையில் கோலமாவு கோகிலா குறிப்பிடத்தக்கது. ஆனால் மரியாவில் வறுமை கடைசிக் காட்சிவரை நாயகியுடன் வருகிறது. கோகிலாவில் அது இடைவேளைக்குள் விடைபெற்றுவிடுகிறது.