களியாட்டம் முடிந்த பின்

கற்பிட்டிக் கரையிலே, குறிஞ்சிப்பிட்டியில் இருந்துகொண்டு பிரித்தானியத் தொலைக்காட்சி நாடகமொன்றைப் பற்றிப் பேசுவானேன் என்று நண்பர்கள் கேட்கக்கூடும். சாதாரண தரப் பரீட்சை எழுதிய கையோடு தோணியில் ஏறுகிறவனும், வெங்காயத் தோட்டத்துக்குக் கூலிக்குப் போகிறவளும் எமது வகுப்பறைகளிலிருந்தே செல்கின்றனர். பள்ளிக்கூடம் முடிந்தபின் வயிற்றுப்பாட்டுக்கு என்ன வழி என்ற அவர்களுடைய கேள்வியை அந்நாடகம் தன் கடைசிப் பருவத்தில், தயங்கித் தயங்கியேனும், எழுப்பியது. அதனால்தான் பேசுகிறோம்.

பிரையன் எல்ஸ்லியும் அவருடைய மகன் ஜேமி பிரிற்றனும் படைத்த ‘ஸ்கின்ஸ்’ 2007இல் தொடங்கியது. பிரிஸ்டல் நகர இளைஞரின் குடியும் கூத்தும் காதலும் சாவும் ஆறு பருவங்களுக்கு நீண்டன. அக்களியாட்டங்களுக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்ற விசாரம் அங்கே அதிகமில்லை. 2013இல் வந்த ஏழாம் பருவமோ பழைய பாத்திரங்கள் மூவரை மட்டும் எடுத்துக்கொண்டு, ஆளுக்கு இரண்டு பகுதிகளாக மூன்று கதைகள் சொன்னது. நிறம் மங்கிற்று, சிரிப்புப் போயிற்று என்று சலித்துக்கொள்வோர் உண்டு. எமது கருத்து நேர்மாறானது. நாடகம் வேலைத்தலத்துக்குள் நுழைந்ததனால் வந்த இருள் அது.

எஃபி லண்டனில் முதலீட்டு நிறுவனமொன்றின் வரவேற்பு மேசையில் இருக்கிறாள். மேலே ஏறும் ஆசையில், வெளியிடப்படாத தகவலை வைத்து வியாபாரம் செய்து சட்டத்தின் பிடியில் சிக்குகிறாள். இங்கேதான் ஆசிரியர்கள் பின்வாங்குகின்றனர். 2008ஆம் ஆண்டு உலகையே உலுக்கிய நிதிச் சூதாட்டம் எஃபியுடையதும் அவளுடைய மேலதிகாரியுடையதுமான பேராசையாகச் சுருங்கிவிடுகிறது. அவளோடு வசிக்கும் நயோமி புற்றுநோயால் இறப்பதும், தோழியின் மனச்சாட்சியைக் கிளறுவதற்கென்றே ஏற்பட்டதுபோல் தோன்றுகிறது. இவ்வளவு துடிப்பான பாத்திரத்துக்கு இது அநியாயம்.

மன்செஸ்டரில் போதைப்பொருள் விநியோகிக்கும் குக்கின் கதை பாதி வழியில் துரத்தல் கதையாகிவிடுகிறது. அதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை.

உணவுச்சாலையில் பரிமாறும் கசியின் கதையே மூன்றிலும் சிறந்தது. அவளை ஒருவன் மறைந்திருந்து படம் பிடிக்கிறான். தாயை இழந்த தம்பியின் பொறுப்பும் அவள்மீது விழுகிறது. பெருங்குற்றமுமில்லை, துப்பாக்கியுமில்லை. களைப்பு இருக்கிறது, வாடகை அறையின் தனிமை இருக்கிறது.

ஆயினும் கூலிக்கு உழைப்போர் ஒருவரோடொருவர் கைகோக்கலாம் என்பது இம்மூவரில் எவருக்கும் தோன்றுவதில்லை.

எமது பிள்ளைகள் விரும்பிப் பார்த்த ‘கனா காணும் காலங்கள்’ 2006இல் விஜய் தொலைக்காட்சியில் தொடங்கியது. அது பள்ளிக்கூடத்திலிருந்து கல்லூரிக்குப் போயிற்று. 2022இல் மீண்டும் வந்தபோது, திரும்பவும் பள்ளிக்கூடத்துக்கே போயிற்று.