தோள் ஏன் இறுகுது?

பெசல் வான் டெர் கோல்க்கின் ‘தி பாடி கீப்ஸ் த ஸ்கோர்’ (2014) படித்ததும் “இதெல்லாம் நம்மகிட்ட எப்பவோ இருக்கு” என்று சொல்ல மணவூர்க்காரருக்கு வாய் துடிக்கும். பக்கத்திலேயே திருத்தணி. முருகனின் சினம் தணிந்த மலை, 365 படி, டிசம்பர் 31 படித் திருவிழாவில் படிக்கொரு திருப்புகழ். பாடிக்கொண்டே ஏறினால் மனசு லேசாகும், சரிதான். ஆனால் இவர் சொல்வது வேறு. 64 பெண்களை வைத்து இவர் குழு செய்த ஆய்வில் பாதிப் பேருக்கு 10 வாரம் யோகா. தோள் எப்போ இறுகுது, மூச்சு எங்கே நிக்குதுன்னு தன் உடம்பைத் தானே கவனிக்கிற பழக்கம் அது. மலைக்கு நாம் போவதோ நம்மை மறக்க.

பாதுகாப்பு உணர்வுதான் முதல் தேவை என்று அவரே எழுதுகிறார். அடிக்கிறவன் இருக்கும் வீட்டுக்கே திரும்பும் பெண்ணுக்கு இறுகிய தோள் நோயா, காவலா? இந்த இடத்தைப் புத்தகம் வேகமாகக் கடந்துவிடுகிறது.