தேவகி இழந்தது யாது?

கண்ணனின் குழந்தைப் பருவத்தைப் பாடியோர் என்றதும் நாம் பெரியாழ்வாரையே முதற்கண் நினைக்கின்றோம். யசோதையாகவே மாறி அவர் தாலாட்டுகிறார், நீராட்டுகிறார், காப்பிடுகிறார். குலசேகராழ்வாரோ பெருமாள் திருமொழியின் ஏழாம் திருமொழியில், பெற்றும் வளர்க்கப்பெறாத தேவகியாய் நின்று புலம்புகிறார். இதனைப் பக்திப் பெருக்கு என்று மட்டும் கூறி அமைவாரும் உளர். நமக்கு அது போதியதாகத் தோன்றவில்லை.

அத்தாயின் முறையீட்டை உற்று நோக்குவோம். பெற்ற உரிமையைக் காட்டி அவள் வழக்காடவில்லை. இழந்தவற்றை ஒவ்வொன்றாக எண்ணுகிறாள். புழுதியாடி வந்த பிள்ளை தன் மார்பில் தங்கவில்லை. அவன் அள்ளியுண்ட சோற்றின் மிச்சில் தனக்குக் கிட்டவில்லை. எல்லாவற்றினும் நுண்ணியது ஒன்று: பாலுண்டுகொண்டே குழவி தாயின் முகத்தை ஏறிட்டுப் பார்க்கும் பார்வை. அதனைச் சொல்லுமிடத்தில் இழப்பைக் குறிக்கும் சொல்லை அவள் இரட்டிக்கிறாள்.

பசி தீர்ப்பதனால் மட்டும் பாசம் விளைவதில்லை என்பதை அமெரிக்க உளவியலார் ஹாரி ஹார்லோ 1958-இல் எடுத்துரைத்தார். தாயினின்று பிரிக்கப்பட்ட குரங்குக் குட்டிகள், பால் தரும் கம்பிப் பொம்மையிடம் பாலுண்டபின், பால் தராத துணிப் பொம்மையையே தழுவிக் கிடந்தன. (அச்சோதனையின் கொடுமை நம்மை வருத்தாமல் இல்லை.) பிணைப்பை வளர்ப்பதில் குழந்தைக்கும் பங்குண்டு என்று ஜான் பௌல்பி 1969-இல் விரித்தெழுதினார். குலசேகரர் அப்பங்கைக் கண்டிருக்கிறார். மடியில் இருத்தி, 'உன் தந்தை யார்?' என மகளிர் வினவ, குழந்தை விரலாலும் கடைக்கண்ணாலும் சுட்டுவது நந்தனை! வசுதேவனுக்கு அப்பேறு இல்லை.

கண்ணன் தேவகிக்காக ஏங்கினான் என்று இத்திருமொழியில் ஓரிடத்தும் இல்லை. இருந்திருப்பின் பாட்டு எளிதில் இனித்திருக்கும், உண்மை கெட்டிருக்கும்.

மதுராவும் கோகுலமும் யமுனையின் இரு கரைகளில் உள்ளவை. தில்லிவாழ் தமிழருட் பலர் ஒரே நாளில் இரண்டையும் கண்டு மீள்கின்றோம். மாற்றல் உத்தரவு வந்ததும் கைக்குழந்தையை ஊரில் பாட்டியிடம் விட்டு வருவோரும் நம்மிடையே உண்டு. ஈராண்டு கழித்துச் சென்று பெற்றவள் கைநீட்ட, குழந்தை பாட்டியின் முந்தானையைப் பற்றிக்கொள்கிறது. அவள் மனமுடைந்து பிள்ளையைக் கடிகிறாள், பாட்டியையும் கடிகிறாள். தேவகி இருவரையும் கடியவில்லை. இன்பத்தின் எல்லையை யசோதையே கண்டாள் என்று ஒப்புகிறாள்.