ஆள் கிடைப்பது நியாயமாகிவிடுமா?

தொகுப்பூதிய ஆசிரியர் நியமனத்துக்கு வக்காலத்து வாங்குகிறவர்கள் முன்பெல்லாம் கஜானாவைக் காட்டுவார்கள். இப்போது ஆராய்ச்சியைக் காட்டுகிறார்கள். ஆந்திரத்தில் கார்த்திக் முரளிதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும் நடத்திய ஆய்வு முதலில் வரும். நூறு கிராமப்புற அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குத் தலா ஓர் ஒப்பந்த ஆசிரியரைக் கூடுதலாகக் கொடுத்துப் பார்த்தார்கள். நிரந்தர ஆசிரியரின் சம்பளத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு வாங்கியவர்கள் கற்பித்தலில் சோடை போகவில்லை என்பது அவர்கள் கண்டது. அடுத்து இந்தோனேசியா வரும். அங்கே சான்றிதழ் பெற்ற ஆசிரியர்களின் அடிப்படைச் சம்பளம் இரட்டிப்பாக்கப்பட்டது. மூன்று ஆண்டு கழித்துப் பார்த்தபோதும் பிள்ளைகளின் தேர்வு மதிப்பெண்ணில் மாற்றம் இல்லை. ஆசிரியர்கள் தெருவில் இறங்கும்போதெல்லாம் நடுப்பக்கக் கட்டுரைகளிலும் தொலைக்காட்சி விவாதங்களிலும் இந்த இரண்டும் ஜோடியாக வருகின்றன. சம்பளத்துக்கும் படிப்புக்கும் சம்பந்தம் இல்லை, பத்தாயிரத்துக்கு ஆள் கிடைக்கும்போது எதற்கு அறுபதாயிரம் என்று முடிகின்றன.

‘ஆள் கிடைக்கிறது’ என்ற இந்த வாதம் எவ்வளவு செல்வாக்கோடு இருக்கிறது என்பதை 2019 ஜனவரியில் தமிழ்நாட்டில் பார்த்தோம். ஆசிரியர், அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பான ஜாக்டோ-ஜியோவின் வேலைநிறுத்தம் நடந்துகொண்டிருந்தபோது தற்காலிக ஆசிரியர்களை எடுத்துக்கொள்ள அரசு உத்தரவிட்டது. முதலில் 7,500 ரூபாய் என்றார்கள், பிறகு 10,000 ஆக்கினார்கள். பி.எட். முடித்த பிள்ளைகள் சான்றிதழ் ஃபைலைத் தூக்கிக்கொண்டு கல்வி அலுவலகங்களின் வாசலில் வரிசை கட்டினார்கள். அந்த வரிசையைப் படம்பிடித்துக் காட்டியே, போராடுகிற ஆசிரியர்கள் பேராசைக்காரர்கள் என்று ஊரை நம்பவைத்துவிட்டார்கள். வேலையில்லாத் திண்டாட்டத்தின் படம் ஆசிரியர் சம்பளத்துக்கான அளவுகோலாகிப் போனது.

இந்த நியமன முறைக்குச் சில நல்ல பக்கங்கள் உண்டு. ஆசிரியர் தேர்வு வாரியம் ஓர் அறிவிப்பு விட்டு, தேர்வு வைத்து, வழக்குகளைத் தாண்டிப் பட்டியல் வெளியிடுவதற்குள் ஒரு பிள்ளை ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்புக்குப் போய்விடும். கணக்குக்கு ஆளே இல்லாத பள்ளியில், பக்கத்து ஊர்ப் பெண் ஒருத்தி அடுத்த வாரமே வந்து நிற்பது பெரிய காரியம். நிரந்தரப் பணி என்பதே தரத்துக்குச் சான்று ஆகாது; முழுச் சம்பளம் வாங்கிக்கொண்டு வகுப்பைத் தட்டிக்கழிக்கிறவர்கள் எந்த மாவட்டத்திலும் இருக்கிறார்கள். இவற்றை மறுக்க எனக்கு எந்தத் தேவையும் இல்லை.

ஆனால் அந்த ஆய்வுகள் உண்மையில் என்ன சொல்கின்றன? ஆந்திரத்தில் கொடுக்கப்பட்டவர் கூடுதல் ஆசிரியர். இருக்கிற ஆசிரியர் இருந்த இடத்திலேயே இருக்க, இன்னொருவர் வந்து சேர்ந்தார். இங்கே நடப்பது நேர்மாறு: நிரந்தர இடத்தைக் காலியாக வைத்துவிட்டு அங்கே தற்காலிகரை உட்காரவைக்கிறோம். இந்தோனேசிய ஆய்வும் சம்பள உயர்வு வீண் என்று மட்டும் சொல்லவில்லை. ஆசிரியர்களின் பண நெருக்கடி குறைந்தது, பிழைப்புக்காக இன்னொரு வேலை பார்ப்பதும் குறைந்தது என்றும் அதே ஆய்வுதான் சொல்கிறது. நிரந்தர வேலையில் இருக்கிறவருக்குச் சம்பளத்தை இரட்டிப்பாக்குவதும், மூன்றில் ஒரு பங்குச் சம்பளத்துக்கு ஒருவரை அமர்த்துவதும் ஒன்றையொன்று நியாயப்படுத்தும் விஷயங்களே இல்லை.

கென்யாவை இவர்கள் யாரும் பேசுவதில்லை. அங்கேயும் ஒப்பந்த ஆசிரியர் திட்டம் சோதிக்கப்பட்டது. வேர்ல்ட் விஷன் என்ற தொண்டு நிறுவனம் அதை நடத்திய பள்ளிகளில் பிள்ளைகளின் மதிப்பெண் கூடியது. அதே திட்டத்தை அரசு நடத்திய பள்ளிகளில் பயன் எதுவும் இல்லை. திட்டம் ஒன்றுதான், நடத்தியவர் வேறு. நம் ஊரில் இதை நடத்தப்போவது யார்? நம் கல்வித் துறைதான். அது எப்படி நடத்தும் என்பதற்கு இருபது ஆண்டு வரலாறு நம்மிடமே இருக்கிறது.

2003க்குப் பிறகு தொகுப்பூதியத்தில் ஆசிரியர்கள் எடுக்கப்பட்டார்கள். இடைநிலை ஆசிரியருக்கு மாதம் 3,000, பட்டதாரி ஆசிரியருக்கு 4,000, முதுநிலை ஆசிரியருக்கு 4,500. முறையான காலியிடம், முழுநேர வேலை, சம்பளம் மட்டும் இப்படி. 2006 ஜூன் முதல் தேதியிலிருந்து அவர்களைக் காலமுறை ஊதியத்துக்குக் கொண்டுவந்தார்கள். அதற்கு முந்தைய மாதங்கள் அவர்களின் பணிக்காலத்தில் இல்லை. அவற்றைச் சேர்க்க வேண்டும் என்ற கோரிக்கை ஜாக்டோ-ஜியோ பட்டியலில் ஆண்டுக்கணக்காக இருந்துவருகிறது. அப்போது வகுப்பெடுத்தவர்களில் பலர் ஓய்வுக்கு வந்துவிட்டார்கள்.

அடுத்து 2012. ஓவியம், உடற்பயிற்சி, இசை, தையல், கணினி ஆகியவற்றுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர் பணியிடங்கள். வாரத்துக்கு மூன்று அரை நாள், மாதம் 5,000 ரூபாய். பிறகு 7,000 ஆனது, 7,700 ஆனது, 2021ல் 10,000 ஆனது, அதன்பின் 12,500 ஆனது. நிரந்தர ஊழியருக்கு ஆண்டுக்கு இருமுறை அகவிலைப்படி உயர்கிறது. இவர்களுக்கு ஒவ்வொரு உயர்வுக்கும் ஒரு போராட்டம், ஒரு கைது, ஒரு சட்டமன்ற அறிவிப்பு தேவைப்பட்டது. மே மாதத்துக்குச் சம்பளமே தரப்படவில்லை. பள்ளி இல்லையே என்பது காரணம். நிரந்தர ஆசிரியருக்கும் மே மாதம் பள்ளி இல்லை. 2021 தேர்தலில் ஆளுங்கட்சியாக வந்த திமுக, இவர்களைப் பணிநிரந்தரம் செய்வதாகத் தன் அறிக்கையில் 181ஆம் வாக்குறுதியாக எழுதியிருந்தது. அந்த எண்ணை அட்டையில் எழுதிப் பிடித்தபடி அவர்கள் சென்னையில் உட்கார்ந்ததைப் பலமுறை பார்த்துவிட்டோம்.

காகிதத்தில் மூன்று அரை நாள் என்றால் பள்ளியில் என்ன நடக்கிறது? ஓவிய ஆசிரியர் காலையில் வருகிறார். எட்டாம் வகுப்பு அறிவியல் ஆசிரியர் எமிஸ் இணையதளத்தில் பள்ளி விவரங்களைப் பதிவேற்ற உட்கார்ந்திருப்பார். ‘சார், அந்த வகுப்பைக் கொஞ்சம் பார்த்துக்கோங்க’ என்பார் ஹெச்.எம். மதியம் காலணி, நோட்டுப் புத்தகம் கொடுக்கிற நாளாக இருக்கும். விளையாட்டு விழா என்றால் மைதானத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போடுவது அவர். ஆண்டு விழா என்றால் மேடை அலங்காரம் அவர். மறுப்பதற்கு வழி கிடையாது. அந்த மாதம் பன்னிரண்டு அரை நாள் வந்தார் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டியவர் அதே ஹெச்.எம்.

பிறகு 2022. பள்ளி மேலாண்மைக் குழு மூலம் 13,331 தற்காலிக ஆசிரியர்கள் என்று அறிவிப்பு வந்தது. அதில் இடைநிலை ஆசிரியர் இடம் மட்டும் 4,989. அவர்களுக்கு மாதம் 7,500. அதே வகுப்பில் முறையாக நியமிக்கப்படும் புதிய இடைநிலை ஆசிரியரின் அடிப்படைச் சம்பளம் 20,600. அன்றைய அகவிலைப்படியைச் சேர்த்தால் 26,000க்கு மேல். மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. பின்னால் இடைநிலை, பட்டதாரி, முதுநிலை ஆசிரியர்களுக்கான தொகைகள் முறையே 12,000, 15,000, 18,000 என உயர்ந்தன. உயர்த்தியதை வரவேற்கிறேன். ஆனால் இடைநிலை ஆசிரியர் நியமனத்துக்கு 2024 பிப்ரவரியில் வாரியம் விட்ட அறிவிப்பு 1,768 இடங்களுக்குத்தான். 4,989 காலியிடம் இருப்பதாக அரசே சொன்ன பிறகு ஒன்றரை ஆண்டுக்கு மேல் போய், இவ்வளவு. இடைவெளியை அடைக்க வந்த ஏற்பாடு, இடைவெளி நீடிக்க வசதியாகிவிட்டது. என் பழைய ஆட்சேபம் இதுதான். குறைந்த சம்பளத்தைவிட, அந்தக் குறைந்த சம்பளம் அரசுக்குத் தருகிற நிம்மதிதான் பெரிய கேடு. வகுப்பில் யாரோ நிற்கிறார்கள்; புகார் வராது; பெற்றோர் மறியல் செய்யமாட்டார்கள்; முறையான நியமனத்தை இன்னும் ஓர் ஆண்டு தள்ளலாம்.

இவர்களை வேலைக்கு வைத்தது யார் என்ற கேள்விக்கும் விடை கிடையாது. மேலாண்மைக் குழுவின் தலைவர் ஒரு பெற்றோர். பல ஊர்களில் அவர் நூறு நாள் வேலைக்குப் போகிற ஒரு தாய். சம்பளம் மூன்று மாதம் வரவில்லை என்றால் ஆசிரியை யாரிடம் கேட்பாள்? ஹெச்.எம். ‘மேலே கேட்டிருக்கிறோம்’ என்பார். மேலே கேட்டால், ‘நீங்கள் எங்கள் ஊழியர் இல்லை, குழு வைத்த ஆள்’ என்பார்கள். குழுத் தலைவியோ தீர்மான நோட்டில் கையெழுத்துப் போட்டவள், அவ்வளவுதான். பகுதிநேர ஆசிரியர்களின் கதை இன்னும் மோசம். அவர்கள் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் பணத்தில் ஓடுகிறவர்கள். பி.எம்.ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடவில்லை என்று 2024-25ல் ஒன்றிய அரசு 2,152 கோடி ரூபாயை நிறுத்திவைத்தது. டெல்லிக்கும் சென்னைக்கும் கொள்கைச் சண்டை. அதில் நான் சென்னையின் பக்கம். ஆனால் சண்டையின் முதல் அடி திட்ட ஊழியர்களின் சம்பளத்தில் விழுந்தது. நிரந்தர ஆசிரியரின் சம்பளத்தை இப்படிப் பணயம் வைக்க யாருக்கும் தோன்றாது.

எனக்குத் தெரிந்த ஓர் ஆசிரியை, எம்.எஸ்ஸி. வேதியியல், பி.எட்., விழுப்புரம் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் குழு மூலம் சேர்ந்தார். இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். ஜூலையில் சேர்ந்தவருக்கு முதல் சம்பளம் அக்டோபரில் வந்தது. பிளஸ் டூ பிள்ளைகள் முப்பத்தாறு பேருக்கு எட்டு ப்யூரெட். நாலைந்து பேராகப் பிரித்து, பருமனறி பகுப்பாய்வை அவர் சனிக்கிழமையும் வந்து செய்ய வைத்தார். ஜனவரியில் கலந்தாய்வில் இடமாறுதல் வாங்கிக்கொண்டு நிரந்தர ஆசிரியர் ஒருவர் வந்து சேர்ந்தார். ‘நாளையிலிருந்து வர வேண்டாம்மா’ என்றார்கள். அவர் திருத்திக்கொண்டிருந்த ரெக்கார்டு நோட்டுகள் பாதியில் நின்றன. செய்முறைத் தேர்வுக்குச் சில வாரமே இருந்தது. புதிதாக வந்தவர் நல்ல ஆசிரியர்தான், ஆனால் எந்தப் பிள்ளைக்குக் கை நடுங்கும், எந்தப் பிள்ளை நிறமாற்றத்தைக் கவனிக்காமல் அமிலத்தை விட்டுக்கொண்டே போவான் என்பது அவருக்குத் தெரியாது. அந்த ஆண்டின் இழப்பு எந்த ஆய்வின் சராசரியிலும் வராது.

ஒப்பந்த ஆசிரியர்கள் நன்றாக உழைக்கிறார்கள் என்று ஆய்வு காட்டுகிறதே என்றால், ஆம், உழைக்கிறார்கள். ஏன் உழைக்கிறார்கள்? என்றாவது ஒருநாள் நிரந்தரம் ஆவோம் என்ற நம்பிக்கையில். 2006ல் ஆனவர்களை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். சம்பளத்தில் மிச்சம் பிடித்ததை அரசு அந்த நம்பிக்கையிலிருந்து எடுத்துக்கொள்கிறது. மீதியைக் குடும்பம் போடுகிறது: கணவனின் கூலி, அப்பாவின் ஓய்வூதியம், மாலை டியூஷன். இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலருக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுத்தபோதும் இதே கணக்குதான். கொரோனாவில் தவித்த பிள்ளைகளுக்கு அந்தப் பெண்கள் செய்தது மகத்தானது. அதற்கு ஆயிரம் ரூபாய் என்று நிர்ணயித்தவர்கள் அந்த உழைப்பை மதித்தார்கள் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

இதில் ஆசிரியர் சங்கங்களை விட்டுவிட முடியாது. ஓய்வூதியத்துக்கும் சரண் விடுப்புக்கும் மாநிலத்தையே நிறுத்துகிற சங்கங்கள், பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவரின் மே மாதச் சம்பளத்துக்காக ஒரு நாளாவது வகுப்பைப் புறக்கணித்ததுண்டா? கோரிக்கைப் பட்டியலின் கடைசியில் ஒரு வரி எழுதிவிட்டால் கடமை முடிந்ததா? 2009 ஜூன் முதல் சேர்ந்த இடைநிலை ஆசிரியர்கள், தங்களுக்கு முன்பு சேர்ந்தவர்களைவிட அடிப்படையில் 3,170 ரூபாய் குறைவாக வாங்கத் தொடங்கி, தனிச் சங்கம் வைத்துத் தனியாகப் போராட நேர்ந்ததற்கும் இந்த அலட்சியமே காரணம். ஒரே ஓய்வறையில் ஒரே வேலைக்கு நான்கு விதச் சம்பளம் இருக்கும்போது அரசுக்கு எதிராக ஒரே குரல் எழும்பாது. அது அரசுக்கும் தெரியும்.

சட்டம் தெளிவாகத்தான் இருக்கிறது. தற்காலிக ஊழியருக்கும் சம வேலைக்குச் சம ஊதியம் பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2016ல் பஞ்சாப் வழக்கில் சொன்னது. குஜராத்தின் ஒப்பந்த உதவிப் பேராசிரியர்கள் வழக்கில் 2025 ஆகஸ்டில் இன்னும் கடுமையாகவே பேசியது. ஆனாலும் ஒவ்வொருவரும் வக்கீலுக்குப் பணம் கட்டி, தனித்தனியாக வழக்குப் போட்டு, பத்து ஆண்டு காத்திருந்துதான் அதைப் பெற வேண்டியிருக்கிறது. பன்னிரண்டாயிரம் வாங்குகிறவர் எந்த வக்கீலிடம் போவார்?

தற்காலிக நியமனமே கூடாது என்று நான் கேட்கவில்லை. மகப்பேறு விடுப்புக்கு, நீண்ட மருத்துவ விடுப்புக்கு, திடீர் மரணத்துக்கு மாற்று ஆள் வேண்டும். அப்படி வருகிறவருக்கு அந்தப் பணியிடத்தின் தொடக்கச் சம்பளத்தை நாள் கணக்கில் கொடுக்கட்டும். நியமன ஆணையில் மாவட்டக் கல்வி அலுவலர் கையெழுத்துப் போடட்டும். அந்த இடம் எந்தத் தேதிக்குள் முறையாக நிரப்பப்படும் என்பதும் அதே ஆணையில் இருக்கட்டும். தேதி தாண்டினால் இருப்பவருக்குக் காலமுறை ஊதியம் தானாகத் தொடங்கட்டும். முழுச் சம்பளம் கொடுக்க வேண்டியிருந்தால் தற்காலிக இடத்தில் மிச்சம் எதுவும் இராது. மிச்சம் இல்லாத இடத்தில் தேர்வு வாரியத்தின் அறிவிப்பு தாமதமாவதற்குக் காரணமும் இராது. 2012ல் சேர்ந்த பகுதிநேர ஆசிரியர்களுக்கு அதுவரைகூடக் காத்திருக்கத் தேவையில்லை. மே மாதச் சம்பளத்துக்கு ஒரே ஓர் அரசாணை போதும்.