‘மைன்’ என்னும் சொல்லும் கம்மாபுரத்து மண்ணும்

‘மைன்’ என்னும் ஆங்கிலச் சொல் ‘என்னுடையது’ எனப் பொருள்படும். கனிமம் அகழும் இடத்தைக் குறிக்கும். போரில் புதைக்கும் வெடியையும் குறிக்கும். இவற்றுள் பின்னிரண்டும் உறவுடையவை. கோட்டை மதிலின் கீழ் அகழ்ந்து அதனை வீழ்த்திய பழைய போர்முறையிலிருந்தே வெடிக்கு அப்பெயர் வந்தது. முதற்பொருளோ வேறு வேரினது. அது பழைய ஆங்கிலத்துக்குரியது. அகழிடத்தின் பெயர் பிரெஞ்சு வழி வந்தது. ஒலி ஒன்றாயினும் சொற்கள் இரண்டாம்.

லேவியராகமம் 25:23இல் நிலம் தமக்கே உரியது என இறைவன் கூறுமிடத்தில் ஆங்கிலத் திருமறை இச்சொல்லை ஆள்கிறது. அதனை நெய்வேலிச் சுரங்கத்தோடு இணைத்து அருளுரை ஆற்றுவது சொல் விளையாட்டேயன்றித் திருமறை விளக்கம் ஆகாது. எபிரேய மூலத்தில் அவ்வொலி ஒற்றுமைக்கு இடமில்லை.

எனினும் நாம் ஆளும் ‘சுரங்கம்’ என்னும் சொல்லும் குறையற்றதன்று. அது முதன்மையாக நிலத்தடி வழியைக் குறிப்பது. நெய்வேலியில் 1957இல் தொடங்கிய பணியோ, மேல்மண்ணை முற்றும் அகற்றிப் பழுப்பு நிலக்கரியை எடுக்கும் திறந்தவெளி அகழ்வாகும். நிலத்தடிச் சுரங்கத்தின் மேல் வயல் நிலைக்கலாம்; இங்கே அது நிலைப்பதில்லை. இவ்வேறுபாட்டை அச்சொல் மறைத்துவிடுகிறது.

யோபு 28ஆம் அதிகாரத் தொடக்கத்தில் நம் பழைய மொழிபெயர்ப்பு வெள்ளி கிடைக்கும் இடத்தை ‘விளைவிடம்’ என்கிறது. ‘வெளிப்படும் இடம்’ என்னும் எபிரேயப் பொருளினின்று இது சற்று விலகியதே. ஆயினும் வயலுக்கும் அகழிடத்துக்கும் பொதுவான இச்சொல், மண்ணின் மேல் விளைவதையும் கீழே கிடப்பதையும் ஒரே கொடையாக நோக்கச் செய்கிறது. இவ்வகையில் இதுவே சிறந்த சொல் என்பது நம் துணிபு.

கம்மாபுரம் வட்டாரத்தில் இவ்விரு விளைவிடங்களும் ஒரே நிலமாகும். 2023 ஜூலையில் வளையமாதேவியில் சுரங்கப் பணிக்கான கால்வாய் வெட்டுவதற்காக வளர்ந்து நின்ற நெற்பயிர் அழிக்கப்பட்டது. நிலம் முன்னரே கையகப்படுத்தப்பட்டது என்றது நிறுவனம். பயிர் தம்முடையது என்றனர் உழவர். சென்னை உயர்நீதிமன்றம் பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் இழப்பீடு வழங்கப் பணித்தது. இருதரப்பும் ஊன்றி நின்றது ‘என்னுடையது’ என்னும் சொல்லின்மேலேயாம்.

லேவியராகமம் அச்சொல்லை இரு தரப்பாரிடமிருந்தும் வாங்கி இறைவனிடம் ஒப்படைக்கிறது. யோபு 31:38-40 அதற்கு அடுத்த படி: நிலம் தனக்கு விரோதமாக முறையிடுமாயின், அந்நிலத்துக்கு உடையவனாகிய தானே தண்டனைக்குரியவன் என்கிறான் யோபு. உரிமைப் பத்திரம் அம்முறையீட்டுக்கு விடையாகாது. சுரங்கத்தில் ஊதியம் பெறுவோரும் நிலம் இழந்தோரும் ஒரே ஆலயத்தில் அமரக்கூடிய இடத்தில் ஊழியம் செய்யும் போதகர், ஆங்கில ஒலியை விடுத்து இவ்விரு பகுதிகளையும் சேர்த்து விளக்குவாராக.